எங்கே என்று தெரியும், எப்போது என்று தெரியாது

"இன்னைக்குப் பறவையா, பந்தா, கூட்டமா?" என்று வீட்டில் கேட்பார்கள். விடுமுறை நாளில் கேமரா பையோடு வாசலில் நிற்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பறவை என்றால் விடியும் முன்பே போய், வெயில் ஏறியதும் சேறும் சகதியுமாகத் திரும்பிவிடுவேன். விளையாட்டு என்றால் சாயங்காலம், முழங்காலில் புல் கறையோடு. உள்ளூர் நிகழ்ச்சி என்றால் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது, நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்வரை நின்றுவிட்டு வருகிற பழக்கம்.

நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை. யாரும் அனுப்பி வைப்பதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அனுபவசாலிகள் தவறாமல் ஒரு அறிவுரை சொல்வார்கள்: "ஏதாவது ஒண்ணுல ஊன்றி நில்லுங்க, எல்லாத்தையும் தொட்டா எதுவும் படியாது." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் மூன்றிலும் நான் செய்வது ஒரே வேலை, காத்திருப்பது. எடுக்கிற நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிச்சமெல்லாம் நிற்பதும் உட்கார்வதும்தான். அந்தக் காத்திருப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கிறது. பறவைக்குக் காத்திருக்கும்போது எங்கே வரும் என்று ஓரளவு தெரியும், எப்போது என்று தெரியாது. விளையாட்டில் எப்போது என்று தெரியும், நான்கு மணிக்கு விசில் அடித்துவிடுவார்கள், மைதானத்தில் எந்த மூலையில் நடக்கப்போகிறது என்பதுதான் தெரியாது. நிகழ்ச்சியில் இரண்டுமே தெரியும். எனக்கு மட்டுமில்லை, செல்போனோடு வந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அங்கேதான் சிக்கலே.

முதலில் பறவை, அதிலும் மீன்கொத்தி. எடுக்க ஆரம்பிக்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் மீன்கொத்தியைத்தான் சொல்வேன். அதற்கென்று சில கிளைகள் உண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். எந்தக் கிளை என்று கண்டுபிடிக்கப் பறவையைத் தேட வேண்டியதில்லை, கிளையைப் பார்த்தால் போதும்: தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, எச்சம் பட்டு வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எங்கே என்ற கேள்வி முடிந்தது. அப்புறம் நாம் எங்கே உட்காருவது என்பதுதான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், காற்றையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பறவைகள் கிளம்பும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, பெரும்பாலும் காற்றை எதிர்த்தே செய்யும். காற்று நம் முதுகில் அடித்தால் பறவையின் முகம் நம் பக்கம் இருக்கும். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்க வாலைத்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும்.

எப்போது என்பதற்கும் கொஞ்சம் துப்பு கிடைக்கும். பாயப்போகும் மீன்கொத்தி தலையை மேலும் கீழுமாக ஆட்டும், மீன் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளவெடுக்கிற ஆட்டம் அது. மற்றப் பறவைகளில் உடம்பு முன்னால் சாயும், சிறகு லேசாகத் தளரும், நிறையப் பறவைகள் எச்சமிட்டுவிட்டுத்தான் கிளம்பும். இந்தக் கடைசி விஷயத்தை அழகான பறவைப் படங்களைப் பார்க்கிற யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் இந்த அறிகுறியை நம்பி எடுத்ததாகத்தான் இருக்கும்.

மீனோடு கிளைக்குத் திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். மீனின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் கிளையில் மாறி மாறி அடிக்கும். டிக், டிக் என்று அந்தச் சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர்த் துளியும் செதிலும் தெறிக்கும், இமைபோன்ற ஒரு சவ்வு கண்ணை மூடித் திறக்கும். துடிப்பு அடங்கியதும் மீனை அலகிலேயே மெல்லத் திருப்பி, தலை உள்ளே போகிற மாதிரி விழுங்கும், அப்படிப் போனால்தான் துடுப்பும் செதிலும் தொண்டையில் சிக்காது. சில சமயம் திருப்பாது. மீனின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் அது தனக்கான மீன் இல்லை, இணைக்கோ குஞ்சுக்கோ ஊட்டப் போகிறது, வாங்குகிற வாய்க்குத் தலை முதலில் போக வேண்டுமே. அதைப் பார்த்தவுடன் நான் இடத்தைக் காலி செய்துவிடுவேன். பக்கத்தில் எங்கோ கரையில் அதன் கூடு இருக்கிற வளை இருக்கிறது, நான் குறுக்கே உட்கார்ந்திருந்தால் மீனை வைத்துக்கொண்டு அது உள்ளே போகாமல் தவிக்கும். படம் நன்றாக வரக்கூடிய நேரம்தான், ஆனாலும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

இதில் கைவேகத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களிடம் ஒரு கணக்கு சொல்வேன். கண்ணால் பார்த்து விரல் அழுத்துவதற்கு மனிதனுக்குச் சுமார் கால் நொடி ஆகும். நொடிக்கு 20 படம் எடுக்கிற கேமராவில் அது 5 படம். பறவை கிளம்பியதைப் பார்த்து அழுத்தினால், கிளம்பிய படம் கிடைக்காது, போய்விட்ட கிளைதான் கிடைக்கும். அந்தக் காலத்து எஸ்எல்ஆர் கேமராவில் இன்னும் வேடிக்கை, படம் பதிகிற நேரத்தில் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே எழும்பி, கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருட்டாகிவிடும், ஆக நீங்கள் கண்ணால் பார்த்த கணம் எதுவோ அது படத்தில் இருக்காது. பார்த்துவிட்டோம் என்றால் தவறவிட்டுவிட்டோம் என்று அர்த்தம். இப்போது இதற்கும் ஒரு வழி வந்துவிட்டது. 2016இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவில், பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்போதே படங்களைத் தற்காலிகமாக எடுத்து வைத்துக்கொண்டு, முழுசாக அழுத்தியதும் அழுத்துவதற்கு முந்தைய 14 படங்களையும் சேர்த்துக் கொடுக்கும் வசதி இருந்தது. இன்று வேறு பல நிறுவனங்களும் கொடுக்கின்றன. ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கால் நொடியைத்தான் அது கொடுக்கிறது, எந்தக் கிளை, எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து என்பதை அது கொடுப்பதில்லையே.

ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று, கேட்பவர்களுக்காக: உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி போதும், பறக்கும்போது 1/2000, மீன்கொத்தி பாய்வதற்கு 1/3200க்குக் கீழே நான் போவதில்லை. அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன் எண், ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக இருக்கிற படத்தை மென்பொருள் ஓரளவு காப்பாற்றும், கலங்கிப்போன படத்தை எதுவும் காப்பாற்றாது. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்புகிற வெப்ப அலையும் அப்படித்தான். தூரத்துப் பறவை நடுங்கியபடி பதிவதைப் பார்த்துவிட்டு லென்ஸில் கோளாறு என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கோளாறு நடுவில் இருக்கிற காற்றில். அந்த நேரத்தில் மூட்டை கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் காத்திருப்பைக் குறுக்குவழியில் கடக்கப் பார்த்த கதைகளும் நிறைய. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி 1965இல் ஆரம்பித்தது, இந்தத் துறையில் அதற்கு மேல் ஒரு பெயர் கிடையாது. அதில் 2009இல் முதல் பரிசு வாங்கிய படம், இரவில் ஒரு வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். சில மாதம் கழித்து, அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அதே போட்டியில் 2017இல் ஒரு பிரிவில் வென்ற படத்தில் கரையான் புற்றை நோக்கி வரும் எறும்புத்தின்னி இருந்தது, அது பாடம் செய்யப்பட்ட பொம்மை என்று நிபுணர்கள் சொன்னதும் அடுத்த ஆண்டு அதையும் நீக்கினார்கள், அங்கும் எடுத்தவர் மறுத்தார். யார் சொல்வது உண்மையோ, எனக்கு உறுத்துவது வேறு. காட்டுயிர்ப் படத்தைப் பார்ப்பவர் அதில் பாதி அந்தக் காத்திருப்பைத்தான் பார்க்கிறார். இவர் எத்தனை நாள் கிடந்தாரோ என்ற வியப்புதான் படத்தின் மதிப்பு. அது இல்லை என்று தெரிந்ததும் ஓநாய் அதே ஓநாயாகத்தான் இருக்கிறது, படம்தான் காலியாகிவிடுகிறது.

செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிற பறவையை, பாருங்கள் எவ்வளவு பக்கத்தில் வந்து போஸ் கொடுக்கிறது என்று பகிர்கிறார்கள். குஞ்சு வளர்க்கிற பருவத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. கூடு தெரிகிற படத்தைப் பொதுவில் போடாமலே இருப்பதுதான் நல்லது, அப்படியே பறவையின் படத்தைப் பகிர்ந்தாலும் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள். அரிய பறவை இருக்கிற இடம் தெரிந்தால் மறுநாளே அங்கே கூட்டம் கூடிவிடும்.

இரவுப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்ஜ் ஷைராஸ் என்கிற அமெரிக்கர் 1890களிலேயே படகின் முனையில் விளக்கை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு, கரையில் தண்ணீர் குடிக்க வரும் மான்களை வெடிமருந்து ஃபிளாஷில் எடுத்தார். விலங்கு தானே கம்பியில் கால் தடுக்கித் தன்னைப் படமெடுத்துக்கொள்கிற ஏற்பாட்டையும் செய்து பார்த்தார். அவருடைய 74 படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரஃபிக் வெளியிட்டது. வேட்டைக்காரராக இருந்து கேமராவுக்கு மாறியவர் அவர். அந்தப் படங்களில் திடுக்கிட்டுப் பாய்கிற மான்களைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு எண்ணமும் வரும், எவ்வளவு அற்புதம் என்றும், பாவம் அந்த மான் என்றும். நான் இரவில் ஃபிளாஷ் எடுத்துப்போவதில்லை. அவருக்கு இருந்த கட்டாயம் எனக்கு இல்லை, இன்றைய சென்சார்கள் நிலா வெளிச்சத்திலேயே ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுகின்றன.

சரி, மைதானத்துக்கு வருவோம்.

காட்டிலிருந்து நேராக மைதானத்துக்குப் போகிறவன் முதலில் செய்வது பந்தைத் துரத்துவது. பறவையைத் துரத்திப் பழகிய லென்ஸ் பந்தின் பின்னாலேயே அலையும், எல்லாப் படத்திலும் முதுகும் நம்பரும்தான் இருக்கும். இங்கே நேரம் கையில் இருக்கிறது, இடம் இல்லை. அதனால் இடத்தை நாமே முடிவு செய்துகொண்டு அதற்குப் பணயம் வைக்க வேண்டும். கால்பந்து என்றால் கோலுக்குப் பக்கவாட்டில், கொடிக்கம்பத்துக்கும் கோல்கம்பத்துக்கும் நடுவில் எங்காவது மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வேன். பாதி ஆட்டம் எதிர்ப்பக்கத்தில் நடக்கும். நடக்கட்டும். ஓடிப்போய் அந்தப் பக்கம் சேர்வதற்குள் பந்து இந்தப் பக்கம் வந்துவிடும், இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அவர்களாக ஓடிப் பார்க்காமல் நம்புவதில்லை.

இடத்தின் அருமைக்கு ஒரு படம் போதும். 1965 மே 25, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் லூயிஸ்டனில் முகமது அலிக்கும் சோனி லிஸ்டனுக்கும் குத்துச்சண்டை, முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்துவிட்டார். விழுந்தவர் மேல் அலி கையை மடக்கி நின்று கத்துகிற அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது அவருக்கு வயது 22. அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில், இன்னொரு புகைப்படக்காரரின் முகம் தெரியும். ஹெர்ப் ஷார்ஃப்மன், அனுபவத்தில் லைஃபரைவிட மூத்தவர். அவருக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது அலியின் முதுகு. திறமையில் எந்தக் குறையும் இல்லை, அவர் உட்கார்ந்த பக்கம் அது, அவ்வளவுதான். மைதானத்தில் எல்லாம் எதிர்மூலையில் நடந்துகொண்டிருக்கும்போது அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன், மனசு கொஞ்சம் ஆறும்.

எந்த இடம் என்று தேர்ந்தெடுக்கும்போது ஆட்டக்காரரைவிடப் பின்னணியைப் பாருங்கள் என்பேன். உள்ளூர் மைதானத்தில் நிறுத்திவைத்த வண்டிகள், குப்பைத் தொட்டி, மஞ்சள் நிறத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பின்னால் வந்து நிற்கும். முழங்காலில் உட்கார்ந்தால் அதில் பாதி ஆட்டக்காரரின் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும், ஆளும் உயரமாகத் தெரிவார். பதின்மூன்று வயதுப் பையன் தலைக்குமேல் எழும்பிப் பந்தை முட்டுகிற படத்தைக் கீழிருந்து எடுத்துப் பாருங்கள், அவன் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதற்கு விளையாட்டில் ஒரு சலுகை உண்டு. குதிக்கிற உடம்பு மேலே போய்க் கீழே திரும்புவதற்கு முன் உச்சியில் ஒரு கணம் நிற்கும். உயரம் தாண்டுதல், கூடைப்பந்து, கைப்பந்து எல்லாவற்றிலும் அந்தக் கணம் வரும், அதில் 1/500கூடப் போதும். நீச்சலில் மார்பு நீச்சல் எடுப்பது சுலபம், ஒவ்வொரு வீச்சுக்கும் தலை நேராக மேலே எழும்பும். ஃப்ரீஸ்டைலில் வீரர் எந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுகிறார் என்று முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், தப்பான கரையில் நின்றால் தொப்பிதான் கிடைக்கும். சைக்கிள் பந்தயத்தில் ஷட்டர் வேகத்தைக் குறைத்து 1/30 வைத்து, சைக்கிளோடு சேர்ந்தே கேமராவைத் திருப்பி எடுத்தால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகும், தேறுகிற ஒன்றுக்காக எடுப்பது அது.

கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டிக்கொடுக்கிற கதையில் முதலாவது குதிரை. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்விக்கு 1878இல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்கிற புகைப்படக்காரர், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போது ஒவ்வொன்றின் ஷட்டரும் அடுத்தடுத்து விழுகிற மாதிரி நூல் கட்டி எடுத்துக் காட்டினார். எழும்புகிறது. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீட்டியிருக்கும்போது இல்லை, நான்கும் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருக்கும்போது. ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் வைக்கும் கேமரா இதைவிட விசித்திரமானது. அது கோட்டை மட்டுமே, மயிரிழை அகலத்துக்கு, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுத்து ஒட்டிக்கொண்டே போகும். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் இல்லை, நேரம். வீரர்களின் கால் நீண்டும் குறுகியும் கோணலாகத் தெரிவது அதனால்தான்.

உள்ளரங்க ஆட்டங்களும் மின்விளக்கில் நடக்கிற ராத்திரி ஆட்டங்களும் தனி அவஸ்தை. பட்டனை அழுத்திப் பிடித்து மளமளவென்று எடுக்கிற ஒரே பர்ஸ்டில் ஒரு படம் பளிச்சென்று இருக்கும், அடுத்தது மங்கலாக, அதற்கடுத்தது ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக. கேமரா கெட்டுப்போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்கு அது தெரியாது, 1/1000இல் எடுக்கிற கேமராவுக்குத் தெரியும், ஒவ்வொரு துடிப்பிலும் அது பத்தில் ஒரு பங்கைத்தானே பார்க்கிறது. கேனன் 2014இல் கொண்டுவந்த 7டி மார்க் 2 கேமராவில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது, விளக்கின் துடிப்பைக் கணித்து, உச்சத்துக்கு வரும்வரை துளி நேரம் நிறுத்திவைத்து ஷட்டரை விடும். இப்போது பல கேமராக்களில் இருக்கிறது, மெனுவுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும், தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே அதுவும் காத்திருக்கப் பழகிவிட்டது.

கோல் விழுந்தவுடன் கேமராவை இறக்கிப் பின்திரையைப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். நல்ல படம் அதற்குப் பிறகுதான். அடித்தவன் ஓடுவான், அவனை எல்லாரும் எடுப்பார்கள், எடுக்கட்டும். கோல்கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வருகிற முகம், பெஞ்சில் இருக்கிற மாற்று ஆட்டக்காரன், எழுந்து நின்றுவிட்டு மெல்ல உட்கார்கிற பயிற்சியாளர். குழந்தைகள் ஆட்டம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். ஆரம்பிக்கும் முன்பே பொறுப்பாளரிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிடுவேன், அழுகிற குழந்தையின் படத்தை எங்கும் போடமாட்டேன், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

மூன்றாவது, உள்ளூர் நிகழ்ச்சிகள். பரிசளிப்பு, ஊர்வலம், மாணவர் நாடகம், கண்காட்சி, ஓட்டம். இதில் அழைப்பிதழிலேயே எல்லாம் இருக்கிறது, எத்தனை மணிக்கு யார் எங்கே நின்று எதைச் செய்வார் என்று. அதனால்தான் கைகுலுக்கிப் பரிசு கொடுக்கிற படம் எடுக்கிற ஐம்பது பேரிடமும் ஒரே மாதிரி இருக்கிறது. அதை நான் வெறுக்கவில்லை, அதை முதலில் எடுத்துவிடுவேன், பரிசு வாங்கினவருக்கு வேண்டியது அதுதான், கலைநயம் பேசிக்கொண்டு அதைத் தவறவிடக் கூடாது. எடுத்த உடனே திரும்பி நின்றுகொள்வேன். மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் என் தொழில்நுட்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கூப்பிடுவார்களா என்று நகம் கடிக்கிறவர், பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதும் சிரிப்பை அடக்குகிற அவருடைய நண்பர்கள், திரைக்குப் பின்னால் ஒட்டுமீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வசனத்தை முணுமுணுக்கிற பையன். இதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

இங்கே தூரத்தை இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸ் வேண்டாம். அகலமாகப் பார்க்கிற 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போவேன். போனதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகைப்பார்கள், சிலர் தலையைக் கோதுவார்கள். அந்தப் படங்களையும் எடுத்துக் காட்டிவிட வேண்டும், அதோடு அவர்களுக்குக் கேமரா அலுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் நம்மைத் தூணோடு தூணாக மறந்துவிடுவார்கள். குளக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொக்குகள் நம்மைக் கணக்கில் எடுக்காமல் மேயத் தொடங்குமே, மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கிறது. இதைப் பறவை எடுக்காமல் இருந்திருந்தால் நான் கற்றிருக்க மாட்டேன், அனுபவசாலிகளுக்கு என் பதில் இதுதான்.

தொழில்நுட்பமாக மேடையில் எரிச்சல் தருவது எல்இடி விளக்குகள். நடனக்காரரின் முகத்தில் சிவப்பையும் நீலத்தையும் கொட்டுவார்கள், கேமராவின் மொத்த அளவீடு எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து முகத்தில் மூக்கும் கன்னமும் ஒரே திட்டாகியிருக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா கோப்பில் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்வதுதான் நான் செய்வது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று ஒரு கட்சி உண்டு, நாடகத்துக்குச் சரி, வண்ண வண்ணமாக உடுத்திக்கொண்டு ஆடுகிற குழந்தைக்கு அது அநியாயம். பேச்சாளர் மைக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், வாய் மறைந்துவிடும், சற்றுப் பக்கவாட்டில் நின்றால் மைக்கின் நிழலும் முகத்தில் விழாத கோணம் ஒன்று கிடைக்கும். மௌனமாக எடுக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டர் நல்ல மரியாதைதான், ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது, துடிக்கிற எல்இடிக்கு அடியில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை விழும். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டை விழுந்தால் சத்தமுள்ள ஷட்டருக்கு மாறி, கைதட்டல் வரும்போது அழுத்துங்கள்.

சாமான்களைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள் என்பதால் சுருக்கமாக. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 450 போலத் தெரியும், பறவைக்கு அது லாபம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்குகிற டெலிகன்வெர்ட்டர், 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப், காலை இளவெயிலில் அந்த விலை கட்டாது. ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் மைதானத்துக்கு நல்லது. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிற எஃப் 2.8 லென்ஸ் உள்ளரங்கத்தில் அருமை, நாள் முழுக்கத் தூக்கும் தோளுக்கு அவ்வளவு அருமை இல்லை. போதும்.

எடுப்பதைவிட அழிப்பதுதான் பெரிய வேலை. பறவைப் படங்களில் ஈவு இரக்கமே பார்ப்பதில்லை. கண் தெளிவாக இல்லையா, போ. சிறகு ஓரம் வெட்டுப்பட்டதா, போ. அதே கிளை, அதே மீன்கொத்தி, அடுத்த வாரமும் வரும். விளையாட்டில் கொஞ்சம் தயங்குவேன், பந்தும் முகமும் ஒரே ஃபிரேமில் இருந்தால் சற்றே கலங்கியிருந்தாலும் தப்பிக்கும். நிகழ்ச்சிப் படங்களைத்தான் அழிக்க முடிவதில்லை. கண் மூடியது, ஓரத்தில் பாதி ஆள், யாரோ குறுக்கே போனது என்று ஒன்றுக்கும் உதவாத படம்கூட ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. ஏனென்றால் மாதங்கள் கழித்து யாராவது வருவார்கள், எங்க அப்பா அன்னைக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தார், படம் ஏதாவது இருக்குமா என்று. கோப்புறைகளுக்குத் தேதி போட்டு ஒழுங்காக அடுக்கித்தான் வைத்திருந்தேன், அது உதவவில்லை. கேட்டு வருகிற யாருக்கும் தேதி ஞாபகம் இருப்பதில்லை, என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. இப்போது குறிச்சொல்லில் அதையும் எழுதி வைக்கிறேன்: மூன்றாவது வரிசை, நீலச் சட்டை, கண்ணாடி.